கண்ணாடி அலமாரியில் அக்கா

திருமயத்தில் கோட்டைக்குப் போகும் தெருவில் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கமிட்டி ஒன்று அமைத்து, ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, வெளியே 'தகவல் நிலையம்' என்று பலகை மாட்டினார்கள். சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம் அது. காரைக்குடிப் பக்கம் போகிற கார்க்காரர்களும், திருச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கோட்டையைப் பார்க்க இறங்குவார்கள். ஏறும் வழி எது, கோயில் நடையை எப்போது சாத்துவார்கள், குடிதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஆள் இருக்காது. அதற்காகத்தான் அந்த அறை. ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, ஒரு மண்பானை, சுவரில் கையால் வரைந்து ஒட்டிய சுற்றுவட்டாரப் படம். அவ்வளவுதான்.

அங்கே உட்காருவதற்கும், கேட்டால் கூட நடந்து கோட்டையைச் சுற்றிக் காட்டுவதற்கும் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய, கொஞ்சம் இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. நான் தேறியிருந்தேன். இங்கிலீஷும் பேசினேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் கையெழுத்துக்கூடப் போட்டதில்லை. ரேகை உருட்டித்தான் பழக்கம். வேலை கிடைத்த அன்று அப்பா கடலைக் காட்டிலிருந்து நேராக வந்து, வேட்டியில் ஒட்டிய செம்மண்ணோடு அந்த அறை வாசலில் நின்று பலகையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்றதற்கு, ஆபீசுக்குள் இந்தக் காலோடு வருவதா என்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. ஆம்பளைகளுக்கு முன்னால் ஒரு வயசுப் பெண் மலை ஏறி இறங்குவதா என்று வீட்டுக்கு வந்து சண்டை போட்டாள்.

"ஊருக்கெல்லாம் வழி காட்டுறா. இவளுக்கு மாப்பிள்ளை எந்த வழியா வரப் போறானோ."

"வந்தா நானே திரும்பிப் போற வழியையும் சொல்லி அனுப்பிடுறேன், அத்தை."

அப்போது எனக்கு வாய் அப்படி. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தோளில் குடை. பாறையைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் அக்கம்பக்கமாகக் கோயில் எடுத்ததைச் சொல்லிவிட்டு, கோட்டைக்குள் ஏற்றிக் கூட்டிப் போவேன். பாதி மலையில், பாறை நெற்றியில் தனியாகக் குடைந்த ஓர் அறையும் அதற்குள் லிங்கமும் இருக்கும். ஏணி வைத்தது போலச் செங்குத்தாக ஏறித்தான் அதைப் பார்க்க முடியும். கார்க்காரப் பெண்கள் பயந்து கீழேயே நின்றுவிடுவார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, மேலேயிருந்து பேசுவேன். உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று காற்றை மீறிப் பேசியபோது நான் அடைந்த கர்வத்தை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது நான் படித்துச் சம்பாதித்தது.

கண்ணாடி அலமாரி அடுத்த வருஷம் வந்தது. கமிட்டித் தலைவர் வயதான வக்கீல். அவருக்கு ஓர் ஆசை. வெறும் வழி சொல்லும் அறையாக இல்லாமல் ஒரு சின்ன மியூசியமாகவும் இருக்க வேண்டும். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பழைய சாமான்கள் கேட்டு வாங்கினார். துருப்பிடித்த வாள்முனை, புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசுகள், உழும்போது அகப்பட்ட கறுப்பும் சிவப்புமான பானைகள், வெண்கலப் படி, தலை உடைந்த ஒரு சாமி சிலை. எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கி, மேலே ஒரு பல்பு போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டையில் நான் எழுதி வைத்தேன்.

அதற்குப் பிறகு கார்க்காரர்களைவிடச் சந்தைக்கு வருகிறவர்கள்தான் அதிகம் வந்தார்கள். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிடுவார்கள். அலமாரிக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கதவு இடுக்கு வழியாகக் காசு தள்ளுவார்கள். திருநீறு கேட்பார்கள். இது கோயில் இல்லை, பார்ப்பதற்கு மட்டும் வைத்திருக்கிறோம் என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். ஓர் இலுப்பூர்க்காரர் மட்டும் என்னை மடக்கினார்.

"கும்புடுறதுக்கு இல்லைங்கிறீங்க. அப்ப எதுக்கும்மா வெளக்குப் போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்க?"

சிரித்து வைத்தேன்.

என் தாயை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஆத்தாவும் ஒரு சந்தை நாளில் வந்தாள். மற்றவர்களைப் போலக் கும்பிட்டுவிட்டுப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அலமாரியையே பார்த்தாள். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து நின்று நான் சொல்வதைக் கேட்டதையும், அவர்கள் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்ததையும் கவனித்தாள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் விட்டத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மனதுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

அது என்னவென்று விளங்க என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். சமஸ்தானம் போய்க் கவர்மெண்டு வந்த வருஷம் ஊரில் வாந்தி பேதி பரவியபோது இறந்துபோனாள். ஒன்பது வயது. எனக்கு அப்போது மூன்று வயதுதான் இருக்கும். அவள் முகம் எனக்குத் தெரியாது. போட்டோ எடுக்கிற குடும்பமா நாங்கள்?

எங்கள் பக்கத்தில் பெரியவளாகாத பெண் இறந்தால் அவள் அந்த வீட்டுக் கன்னி. வீட்டை விட்டுப் போகமாட்டாள். அவளுக்கென்று ஓர் ஓலைப்பெட்டி. அதில் அவளுக்கு ஒரு பாவாடை, சட்டை, கருவளையல், ரிப்பன் வைத்து விட்டத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆண்கள் தொடக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை மாசி மாதத்தில் பெட்டியை இறக்கி, பெயர் சொல்லி அழைத்து, பச்சரிசி மாவில் வெல்லம் கலந்த துள்ளுமாவு படைத்து, பழைய பாவாடையை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பார்கள். எடுத்த பாவாடை வீட்டில் அடுத்த பெண்பிள்ளைக்கு. அந்தப் பெண்பிள்ளை நான்தான். ஒன்பது வயது வரைக்கும் எனக்கென்று வீட்டில் தனியாகத் துணி எடுத்த ஞாபகம் இல்லை. அடுப்புப் புகையும் சூடமும் சேர்ந்து மணக்கிற பாவாடையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அதற்குப் பிறகு நான் வளர்ந்துவிட்டேன். அவள் வளரவில்லை. பாவாடைகள் அண்டைவீட்டுப் பிள்ளைகளுக்குப் போயின.

அந்தப் பெட்டியைத்தான் ஆத்தா தூக்கிக்கொண்டு வந்தாள். வக்கீலய்யா அறைக்கு வந்திருந்த நாள் பார்த்து, தலையில் சும்மாடு கட்டி, அதன்மேல் வைத்து, வேகாத வெயிலில் நடந்தே வந்திருந்தாள்.

ஆத்தாவைத் தடுக்க நான் என்னவெல்லாமோ சொன்னேன். இது சாமி வைக்கிற இடம் இல்லை என்றேன். இதை வீட்டை விட்டு எடுக்கலாமா என்றேன். அத்தைக்குத் தெரிந்தால் குடியைக் கெடுக்க வந்தவள் என்பாளே என்றேன். ஆத்தா எதற்கும் அசையவில்லை.

"இருட்டுக்குள்ள பொகையைக் குடிச்சுக்கிட்டுத் தொங்குறாடி. இங்கிட்டு வெளக்கு இருக்கு. ஊரு ஒலகமெல்லாம் வந்து பாக்குது. தொணைக்கு நீ இருக்க. இதைவிட அவளுக்கு என்ன வேணும்?"

வக்கீலய்யா பெட்டியை மட்டும்தான் பார்த்தார். சிவப்பும் பச்சையும் சாயம் ஏற்றிய பனை ஓலையில் கோபுரம் கோபுரமாகப் பின்னி, மூடிக்குக் குமிழ் வைத்த பழைய பெட்டி. ஆத்தாவுக்குச் சீராக வந்தது. இந்த மாதிரி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று சந்தோஷப்பட்டார். ஆத்தா விவரம் சொன்னாள். கேட்டதும் பெட்டிப் பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு, உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கட்டும், மாசியில் வந்து உங்கள் முறையைச் செய்துகொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர். நடுத்தட்டில், பல்புக்கு நேர் கீழே, மற்றச் சாமான்களை நகர்த்தி இடம் பண்ணினார். ஆத்தாவின் முகம் அன்றைக்கு இருந்தது போல அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பிள்ளையைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுத் திரும்புகிறவள் மாதிரி இருந்தாள்.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்த சந்தைக்கு வந்தபோது கேட்டாள். வாசித்தேன். 'பனை ஓலைப் பெட்டி. துணிமணி வைக்கப் பயன்படுவது.'

"அவ பேரைப் போடலையா?"

பொருளின் பெயரைத்தான் போடுவது வழக்கம் என்றேன். ஆத்தா தலையாட்டினாள். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். ஆனால் நான் யாருக்காவது அலமாரியைக் காட்டிப் பேசும்போது அவள் பெஞ்சில் இருந்தால், பெட்டி முறை வரும்போது கழுத்தை நீட்டிக் கேட்பாள். நான் பின்னலைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் சொல்வேன். வந்தவர்கள் "அழகா இருக்கு" என்பார்கள். அது போதும் அவளுக்கு. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரி மண்டிபோட்டு உட்கார்ந்து பெட்டியைக் காகிதத்தில் வரைந்துகொண்டு போனாள். ஆத்தா அதை ஊர் முழுக்கச் சொன்னாள். அத்தையிடம் போய், எம்மகள் சீமைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னாளாம்.

முதல் மாசியில் நினைத்தபடி எல்லாம் நடந்தது. வக்கீலய்யா சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நான் கதவைச் சாத்தினேன். ஆத்தா பெட்டியை இறக்கி, அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மஞ்சள் பூப்போட்ட சீட்டித் துணியில் தைத்த பாவாடையை வைத்தாள். சூடம் கொளுத்தவில்லை. கண்ணாடி கறுத்துவிடும் என்று அவளாகவே சொன்னாள்.

அதே வருஷம் வக்கீலய்யாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். கமிட்டியைப் புதுச் செயலாளர் ஒருவர் பார்த்துக்கொண்டார். இரும்புக் கடைக்காரர், சுறுசுறுப்பானவர். திருச்சியில் பொருட்காட்சி போடுகிறார்கள், நம் ஊர்ச் சாமான்களையும் ஒரு கடை போட்டு வைத்தால் திருமயத்தின் பெயர் நாலு பேருக்குத் தெரியும், கூட்டம் வரும் என்று நினைத்தார். நினைத்ததில் தப்பில்லை. எனக்குக்கூட அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது, பெட்டியும் போகிறது என்று தெரியும் வரை. அது எங்கள் வீட்டுக் கன்னியின் பெட்டி, மாசியில் படைக்க வேண்டும், அதை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் என்று நேரில் போய்ச் சொன்னேன். நீ படித்த பெண்ணா என்று கேட்டார். பிறகு, என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, குரலைத் தணித்து, பத்திரமாகத் திரும்பி வரும் அம்மா, பார்க்க அழகாக இருப்பது அது ஒன்றுதானே என்றார். மறுநாள் நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மலைமேல் இருந்தபோது வேன் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இறங்கி வந்து பார்த்தால் அலமாரியில் அட்டைகள் மட்டும் இருந்தன.

மாசி வந்தது. பொருட்காட்சி முடியவில்லை. ஆத்தா பாவாடை தைத்து முடித்துவிட்டாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி.

"நாம போயி வச்சுட்டு வந்துருவோம். திருச்சி என்ன, சீமையிலயா இருக்கு?"

புதுக்கோட்டைக்கு அப்பால் அவள் போனதே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் மஞ்சள்பையை வைத்துக்கொண்டாள். கீரனூர் தாண்டியதும், அவளுக்கும் இந்த வழியெல்லாம் பார்க்கக் கொடுத்து வைத்ததே என்றாள். வேனில் மூட்டையோடு மூட்டையாகப் போன பெட்டிக்கு எந்த வழி தெரிந்திருக்கும்?

பொருட்காட்சி மைதானத்தில் புழுதியும் ரேடியோ சத்தமுமாக இருந்தது. ராட்டினம், அப்பளக்கடை, மரணக்கிணறு. கூட்டத்தில் ஆத்தா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எங்கள் கமிட்டியின் கடை கடைசி வரிசையில் இருந்தது. மேலே 'நம் கிராமத்து வாழ்க்கை' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். மேஜையில் வாள்முனை, காசுகள், பானைகள். நடுவில் அக்காவின் பெட்டி. மூடி பக்கத்தில் கிடந்தது. பெட்டி நிறைய வேர்க்கடலை. பெட்டி எதற்கென்று பார்க்கிறவர்களுக்கு விளங்க வேண்டுமே என்று நிரப்பி வைத்திருக்கிறார்கள். கடைக்கு நிறுத்திய இளைஞன் திருச்சிக்காரன், எங்களைத் தெரியாதவன், போகிற வருகிற பிள்ளைகளுக்கு அதிலிருந்து ஆளுக்கு ரெண்டு கடலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஆத்தா கோபப்படவில்லை. அவனிடம் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"தம்பி, உள்ள ஒரு பாவாடை இருந்துச்சேப்பா?"

"பழைய துணியாம்மா? மேசை தொடச்சேன். அழுக்காயிருச்சு, போட்டாச்சு."

எங்கே போட்டாய் என்று நான்தான் கேட்டேன். கை தூக்கிப் பின்பக்கம் காட்டினான். வளையலும் ரிப்பனும் எங்கே என்று கேட்டதற்கு, அப்படி ஒன்றும் இல்லையே என்றான். பொய் சொன்னதாகத் தெரியவில்லை. அவன் கண்ணில் அவையெல்லாம் பட்டிருக்காது.

கடைகளுக்குப் பின்னால் தகர வேலி ஓரம் குப்பை மேடு. எச்சில் இலைகள், கரும்புச் சக்கை, கிழிந்த நோட்டீசுகள். நாங்கள் இருவரும் குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்தோம். மஞ்சளாக எது தெரிந்தாலும் ஆத்தா கையால் இழுத்தாள். மேட்டின் ஒரு பக்கத்தை ஏற்கெனவே கொளுத்தியிருந்தார்கள். அது இன்னும் புகைந்துகொண்டிருந்தது. ஆத்தா அங்கே போய் நின்றாள். கிளறவில்லை. நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

பெட்டியையாவது வாங்கிக்கொண்டு போவோம், செயலாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். இங்கிலீஷில், தமிழில், யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போடத் தயாராக இருந்தேன்.

"வேண்டாம். அதுல அவ இல்லை."

"பின்ன எங்க ஆத்தா இருக்கா?"

"அதைத்தான்டி ஒன்னையக் கேக்குறேன். வந்தவுகளுக்கெல்லாம் எது எங்க இருக்குன்னு சொல்லுவியே."

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். படித்த மகளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டாள். அந்த மலையின் ஒவ்வொரு கல்லுக்கும் இடம் சொல்லத் தெரிந்த நான், குச்சியை எடுத்து மறுபடியும் குப்பையைக் கிளறினேன்.

கொஞ்சநேரம் கழித்து ஆத்தா பையைத் திறந்து புதுப் பாவாடையை எடுத்தாள். மடிப்பை உதறி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எங்கள் கடைக்கு முன்னால் போய் நின்றாள். ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். உதடு மட்டும் அசைந்தது. அக்காவைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பெயர் சொல்லி, வீட்டுக்குப் போவோம் வா என்று அழைக்கிறாள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் நின்று பாவாடையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"என்ன வெலைங்க?"

"இது விக்கிறதில்லை, தாயி. எம்மகளுக்கு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். என் உயரத்தையும் பாவாடையின் உயரத்தையும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, பிறகு பாவாடையை நான்காக மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். போவோம் என்றாள். என் முந்தானையைப் பிடிக்கவில்லை. எனக்கு முன்னால் நடந்தாள். கூட்டம் நெருக்கிய இடத்தில் முழங்கையை விரித்துப் பாவாடைக்குக் காவலாக வைத்துக்கொண்டாள்.

காரைக்குடி பஸ்ஸில் இடம் கிடைத்தது. மூன்று பேர் உட்காரும் சீட்டு. நான் ஜன்னலோரம். ஆத்தா இடைவெளி விட்டு அந்தக் கடைசியில் உட்கார்ந்து, எங்கள் நடுவில் பாவாடையை வைத்தாள். கண்டக்டர் வந்தார். நான் காசை எடுப்பதற்குள் ஆத்தா சொன்னாள்.

"திருமயம் ரெண்டு முழு டிக்கெட்டு. ஒரு அரை டிக்கெட்டு."

கண்டக்டர் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"பிள்ளை எங்கம்மா?"

ஆத்தா பாவாடையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். இந்த மாதிரி நம்பிக்கைகளை விளக்கிச் சொல்ல எனக்கு நன்றாகத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், எங்கள் வீட்டுச் சேதி என்று காட்டிக்கொள்ளாமல், மூன்றாம் மனுஷி போல. அன்று அப்படி ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை.

"கிழிச்சுக் குடுங்க. ஒம்பது வயசு" என்றேன்.

அவர் மறுபேச்சில்லாமல் கிழித்துக் கொடுத்தார். ஆத்தா மூன்று டிக்கெட்டையும் வாங்கி, அரை டிக்கெட்டைத் தனியாகப் பாவாடையின் மடிப்புக்குள் செருகினாள்.

கீரனூரில் சந்தைக் கூட்டம் ஏறியது. கூடையும் கோழியுமாக ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். மூச்சு வாங்க ஏறிய ஒரு கிழவி எங்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்று நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"யாராச்சும் வாராகளா, தாயி?"

நான் ஆத்தாவைப் பார்த்தேன். அவள் சரேலென்று குனிந்து பாவாடையை இரண்டு கையாலும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்தாள்.

"ஒக்காருங்க. இவளை நான் மடியில வச்சுக்கிறேன்."